மேக்பெத்தைக் காப்பாற்றிய கணக்குப்பிள்ளை

1621 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, லண்டனின் வடக்குப் பக்கம் இருந்த ஃபார்ச்சூன் நாடகக் கொட்டகை தீப்பிடித்தது. இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஜான் சேம்பர்லின் என்பவர் ஊர்ச் செய்திகளை எல்லாம் நண்பருக்குக் கடிதமாக எழுதுகிற ஆள். அந்த வாரக் கடிதத்தில் இதையும் எழுதியிருக்கிறார்: உடுப்புகளும் நாடகப் புத்தகங்களும் மொத்தமாகப் போய்விட்டன, பாவம் அந்த ஆட்கள் ஒழிந்தே போனார்கள்.

நாடகப் புத்தகம் என்று அவர் சொல்வது கடையில் விற்கிற அச்சுப் புத்தகத்தை அல்ல, கம்பெனிப் பெட்டியில் இருக்கும் கையெழுத்துப் பிரதியை. பல நாடகங்களுக்கு முழுப் பிரதி என்று இருந்தது அது ஒன்றுதான். நடிகர் கையில் முழு நாடகத்தைக் கொடுக்கிற வழக்கமே அப்போது இல்லை. அவர் பேச வேண்டிய வசனம், அதற்கு முன்னால் எதிராளி பேசி முடிக்கும் இரண்டு மூன்று சொற்கள், அவ்வளவுதான் எழுதித் தருவார்கள். நீளமான காகிதத் துண்டுகளை ஒட்டிச் சுருட்டி வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட சுருள் ஒன்று இன்றும் இருக்கிறது. ராபர்ட் கிரீன் எழுதிய 'ஆர்லாண்டோ ஃப்யூரியோசோ' நாடகத்தில் எட்வர்ட் ஆலின் என்ற பெரிய நடிகருக்கு எழுதித் தந்த பார்ட் அது. எரிந்துபோன ஃபார்ச்சூனை 1600-ல் மாமனாரோடு சேர்ந்து கட்டியவரும் இதே ஆலின்தான். 1619-ல் அவர் டல்விச்சில் ஒரு பள்ளிக்கூடம் நிறுவினார். அவருடைய காகிதங்கள் அங்கே போய்ச் சேர்ந்ததால் சுருள் தப்பித்தது. கொட்டகையில் இருந்தவை சாம்பல்.

எலிசபெத் காலம் தொடங்கி 1642-ல் கொட்டகைகளை மூடும்வரை லண்டன் மேடைகளுக்காக எழுதப்பட்டவை ஏறத்தாழ 3000 நாடகங்கள் இருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். இன்று கையில் இருப்பவை 500-க்குச் சற்று மேல். மற்றவற்றில் சிலவற்றுக்குப் பெயராவது தெரியும், பலவற்றுக்கு அதுவும் தெரியாது.

இதெல்லாம் மனதில் இருந்தால்தான் ஃபார்ச்சூன் எரிந்து 2 வருடம் கழித்து அதே ஊரில் வெளிவந்த புத்தகம் எப்பேர்ப்பட்டது என்று புரியும். 1623-ல் வந்த ஷேக்ஸ்பியரின் முதல் ஃபோலியோ. ஃபோலியோ என்றால் தாளை ஒரே முறை மடித்துச் செய்யும் பெரிய அளவுப் புத்தகம். 36 நாடகங்கள், 900-க்கு மேல் பக்கங்கள். அவற்றில் பாதி, அதாவது 18 நாடகங்கள், அதற்கு முன் அச்சேறியதே இல்லை. மேக்பெத், ஜூலியஸ் சீசர், டெம்பெஸ்ட், ட்வெல்ஃப்த் நைட், ஆன்டனி அண்ட் கிளியோபாட்ரா, ஆஸ் யூ லைக் இட் எல்லாம் அந்தப் பதினெட்டில்தான் வருகின்றன. இந்த ஒரு புத்தகம் வராமல் போயிருந்தால் கல்லூரியில் நமக்கு ஜூலியஸ் சீசர் பாடமாக இருந்திருக்காது. பம்மல் சம்பந்த முதலியார் தமிழில் மேடையேற்றிய ஷேக்ஸ்பியர் நாடகங்களிலும் பாதி போயிருக்கும். மகபதி (மேக்பெத்), விரும்பிய விதமே (ஆஸ் யூ லைக் இட்), சிம்மளநாதன் (சிம்பெலின்) ஆகிய மூன்றின் மூலங்களும் ஃபோலியோவில் மட்டுமே உள்ளவை. முன்பே அச்சில் வந்துவிட்டதால் அமலாதித்யனும் (ஹாம்லெட்) வாணீபுர வணிகனும் (மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்) தப்பியிருப்பார்கள்.

ஷேக்ஸ்பியர் செத்தது 1616-ல். தன் நாடகங்களை அச்சிட அவர் ஒரு துரும்பைக்கூட அசைத்ததாகத் தெரியவில்லை. கவிதை நூல்கள் இரண்டை மட்டும் 1593-லும் 1594-லும் பிரபுவுக்குச் சமர்ப்பணம் எல்லாம் எழுதி ஒழுங்காக வெளியிட்டார். நாடகம் கம்பெனியின் சொத்து. விற்றாயிற்று, முடிந்தது. அவர் செத்து 7 வருடம் கழித்து எல்லாவற்றையும் ஒரே புத்தகமாகத் திரட்டிக் கொடுத்து, முன்னுரையில் கையெழுத்தும் போட்டவர்கள் அவரோடு நடித்த இரண்டு பேர். ஜான் ஹெமிங்ஸ், ஹென்றி காண்டெல்.

காண்டெலைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல நடிகர். வெப்ஸ்டரின் 'டச்சஸ் ஆஃப் மால்ஃபி'யில் கார்டினல் வேடம் கட்டியவர் என்று அந்த நாடகத்தின் அச்சுப் பிரதியே சொல்கிறது. எனக்குப் பிடித்த ஆள் ஹெமிங்ஸ்தான்.

டிராய்ட்விச் என்ற ஊரில் பிறந்து, லண்டனில் மளிகைத் தொழில் பழகி, 1587-ல் மளிகை வணிகர் சங்கத்தில் உறுப்பினர் ஆனவர் அவர். அதே வருடம் வில்லியம் நெல் என்ற நடிகர், தேம் என்ற ஊரில் முகாம் போட்டிருந்தபோது சக நடிகரோடு சண்டை போட்டுக் கத்திக்குத்தில் செத்துப்போனார். பதினாறு வயதில் விதவையான அவருடைய மனைவி ரெபெக்காவை மறு மார்ச்சில் ஹெமிங்ஸ் கல்யாணம் செய்துகொண்டார். பன்னிரண்டுக்கு மேல் பிள்ளைகள். நாடகத்துக்குப் போன பிறகும் மளிகைச் சங்க உறுப்பினர் பதவியை அவர் விடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. நடிகர்களுக்கென்று சங்கம் கிடையாது, எனவே நடிகராக ஒரு பையனைத் தொழில் பழகச் சேர்க்க முடியாது. மளிகைச் சங்கத்துக்காரர் சேர்க்கலாம். பதிவேட்டில் மளிகைக்கடைப் பையன், மேடையில் ஸ்திரீபார்ட். ரோசலிண்டையும் கிளியோபாட்ராவையும் ஆடிய பையன்களில் சிலர் சட்டப்படி பருப்பு மிளகு நிறுக்கக் கற்றுக்கொண்டிருந்தவர்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

கம்பெனியின் வரவு செலவு அவர் கையில்தான் இருந்தது. அரண்மனையில் ஆடியதற்குப் பணம் வாங்கியதெல்லாம் அவர் பெயரில். கம்பெனி ஆடிய குளோப் கொட்டகையில் பங்கு, அதை ஒட்டியே ஒரு சாராயக் கடை. 1613-ல் ஷேக்ஸ்பியர் பிளாக்ஃபிரையர்ஸில் வீடு வாங்கியபோது பத்திரத்தில் சேர்த்துக்கொண்ட நம்பிக்கையான ஆட்களில் இவரும் ஒருவர். அதே வருடம் ஜூன் 29-ல் குளோப்பும் எரிந்தது. எட்டாம் ஹென்றி நாடகத்தில் பீரங்கி வெடித்தபோது கூரை ஓலை பற்றிக்கொண்டது. ஒருவருக்கு அரைக்கால் சட்டையில் தீப்பிடித்ததாம், பாட்டில் பீரை ஊற்றி அணைத்தாராம். அந்தத் தீயைப் பற்றி ஊரில் பாடிய கும்மாளப் பாட்டு ஒன்றில், கண் வீங்கி, திக்கித் திக்கிப் பேசிக்கொண்டு கிழவர் ஹெமிங்ஸ் தவித்து நின்றார் என்று வருகிறது. அன்றைய அதிர்ச்சியில் திக்கினாரா, எப்போதுமே திக்குவாயா என்று பாட்டு சொல்லவில்லை. முதல் போட்டவர் அப்படித்தான் நிற்பார்.

உத்தமர் என்று சொல்லிவிடவும் முடியாது. மகள் தாமசின், வில்லியம் ஆஸ்ட்லர் என்ற நடிகரின் மனைவி. ஆஸ்ட்லர் செத்ததும் அவருடைய கொட்டகைப் பங்குகள் அப்பா கைக்குப் போய்விட்டன. பெற்ற மகளே 1615-ல் கோர்ட்டுக்குப் போனாள். வேறொருவரும் பங்குத் தகராறில் அவர்மேல் வழக்குப் போட்டார். இந்த வழக்குக் கட்டுகள் இருப்பதால்தான் அந்தக் காலக் கொட்டகைக் கணக்கு வழக்குகள் நமக்கு இவ்வளவு தெரிகின்றன.

ஷேக்ஸ்பியரின் உயிலில் இந்த இருவருக்கும், கம்பெனியின் முதன்மை நடிகர் ரிச்சர்ட் பர்பேஜுக்கும் ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ், நினைவு மோதிரம் வாங்கிக்கொள்ள. வரிகளுக்கு இடையில் பிற்பாடு இடுக்கி எழுதிய வாசகம் அது. 1619-ல் பர்பேஜ் போய்விட்டார். மிஞ்சியவர்கள் இருவர்.

சரி, நட்புக்காகச் செய்தார்களா, காசுக்காகவா? முன்னுரையில் அவர்கள் சொல்வது, லாபமும் வேண்டாம் புகழும் வேண்டாம், எங்கள் ஷேக்ஸ்பியரைப் போன்ற நல்ல நண்பரின் நினைவு வாழ வேண்டும், அவ்வளவுதான் என்று. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் வாசகர்களுக்கு ஒரு கடிதம். நன்றாகப் படித்தவர் முதல் எழுத்துக்கூட்டிப் படிப்பவர் வரை எல்லோரையும் கூப்பிட்டு, படியுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் முதலில் வாங்குங்கள் என்கிறது. சந்தையில் கூவுகிற குரல். இந்தக் கடிதத்தை உண்மையில் எழுதியது நாடகாசிரியர் பென் ஜான்சன் என்று வாதிடுபவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் கொட்டகை வாசலில் காசு வசூலித்தே வயதானவர்களின் வாயில் அது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நாடகத்தை அச்சுக்குத் தருவதில் நடிகர்களுக்கு இயல்பாகவே விருப்பம் இல்லை என்பதை மறக்கக் கூடாது. தாமஸ் ஹேவுட் என்பவர் நடிகர், நாடகாசிரியர் இரண்டுமே. 220 நாடகங்களில் முழுக்கவோ ஒரு விரலளவோ தன் கை இருந்தது என்று 1633-ல் எழுதினார். அவை ஏன் அச்சில் இல்லை என்பதற்கு அவர் சொல்லும் காரணங்களில் இரண்டு: கம்பெனி மாறி மாறிப் போனதில் பல தொலைந்துவிட்டன, சில இன்னும் நடிகர்களிடம் இருக்கின்றன, அச்சில் வந்தால் வருமானம் கெடும் என்று அவர்கள் விடமாட்டேன் என்கிறார்கள். ஹெமிங்ஸின் கம்பெனியும் இப்படித்தான். அதற்கு மன்னர் கம்பெனி என்று பெயர். 1619 மே மாதம், அந்தக் கம்பெனியின் நாடகங்களை அவர்கள் சம்மதம் இல்லாமல் யாரும் அச்சிடக் கூடாது என்று அரண்மனை அதிகாரியிடமிருந்து பதிப்பாளர் சங்கத்துக்கு உத்தரவு போனது. தாமஸ் பேவியர் என்பவர் ஷேக்ஸ்பியர் பெயரில் 10 நாடகங்களைக் கொண்டுவந்த சமயம் அது. சிலவற்றில் பழைய தேதி போட்டு, பழைய பதிப்பு போலக் காட்டினார். அவருக்கு அச்சடித்துக் கொடுத்தவர் வில்லியம் ஜாகர்ட்.

4 வருடம் கழித்து, ஃபோலியோவை அச்சடித்தது யார்? அதே ஜாகர்ட் அச்சகம்! திருட்டுப் பிரதிகளால் சிதைந்த நாடகங்களை இதோ முழு உருவில் தருகிறோம் என்று முன்னுரை முழங்குகிறது. திருட்டு வேலையில் கூட்டாக இருந்தவரிடம்தான் அந்த முன்னுரையையே அச்சுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அவ்வளவு பெரிய புத்தகத்தைத் தாங்கக்கூடிய அச்சகம் வேண்டும், சில நாடகங்களின் உரிமையும் அந்த வட்டாரத்தில்தான் சிக்கியிருந்தது. ஹெமிங்ஸ் வியாபாரி, கோபத்தை மூட்டை கட்டி வைக்கத் தெரிந்தவர். ஜாகர்ட் அதற்குள் கண் தெரியாதவராகி, புத்தகம் முடிகிற நேரத்தில் செத்தும் போனார். மகன் ஐசக் முடித்தார். டிராய்லஸ் அண்ட் கிரெசிடா நாடகத்துக்கு உரிமை கடைசி நேரத்தில்தான் கிடைத்தது போலிருக்கிறது. உள்ளே நாடகம் இருக்கிறது, பொருளடக்கத்தில் பெயர் இல்லை.

ஃபோலியோவில் ஷேக்ஸ்பியரின் கவிதைகள் ஒன்றுகூட இல்லை. கம்பெனிப் பெட்டியில் இருந்தது நாடகம்தானே. வெறும் நாடகங்களைப் பெரிய அளவு ஃபோலியோ தாளில் போடுவதே அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைத்த காலம் அது. தனி நாடகங்கள் வந்தது தாளை இரண்டு முறை மடித்த குவார்ட்டோ அளவில், சில காசுக்கு. ஃபோலியோ, பைண்டு செய்து வாங்கினால் சுமார் ஒரு பவுண்டு. 750 பிரதிகள்போல அச்சிட்டிருப்பார்கள் என்பது கணிப்பு. அவற்றில் 230-க்கு மேல் இன்றும் உள்ளன, 82 பிரதிகள் வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் நூலகத்தில் மட்டும்.

இணையத்தில் இந்தப் புத்தகத்தின் பக்கப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் அடிக்கடி திறப்பது பெரிய வசனங்கள் உள்ள பக்கங்களை அல்ல. 'மச் அடூ அபவுட் நத்திங்' நாடகத்தில் நான்காம் அங்கம் இரண்டாம் காட்சி. டாக்பெரி என்ற அசட்டுக் காவல்காரன், அவன் கூட்டாளி வெர்ஜஸ். வசனத்துக்கு முன்னால் பாத்திரத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில் கெம்ப், கவுலி என்று நடிகர்களின் பெயர் இருக்கிறது. வில் கெம்ப் அந்தக் கம்பெனியின் பபூன். எழுதும்போதே ஷேக்ஸ்பியர் காதில் கெம்ப்பின் குரல் கேட்டிருக்கிறது, பாத்திரத்தின் பெயர் ஞாபகம் வரவில்லை. 1600-ல் வந்த குவார்ட்டோவில் அப்படியே அச்சாகி, அதை வைத்துக் கோத்த ஃபோலியோவிலும் திருத்தப்படாமல் நின்றுவிட்டது. கெம்ப் கம்பெனியை விட்டுப் போயே இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இதைவிட எனக்குப் பிடித்தது 'மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' கடைசி அங்கத்தில் ஒரு வரி. நெசவாளியும் தச்சனும் சேர்ந்து ராஜா முன்னால் நாடகம் போட வருகிறார்கள். "டாயர் டிரம்பெட்டுடன் முன்னே வருகிறார்" என்கிறது குறிப்பு. நாடகத்தில் டாயர் என்று ஒருவருமே இல்லை. யார் என்று தேடியவர்களுக்கு 1625-ல் ஒரு தேவாலயப் புதைப்புப் பதிவு அகப்பட்டது. வில்லியம் டாயர், ஹெமிங்ஸின் வேலையாள். மேடைக்குப் பின்னால் குறிப்புப் புத்தகத்தை வைத்திருந்தவர், டிரம்பெட் ஊத டாயரைக் கூப்பிடு என்று ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார், அது அச்சுவரைக்கும் வந்துவிட்டது. எந்த இலக்கிய வரலாற்றிலும் இடம் பெறும் யோக்கியதை இல்லாத ஒரு டிரம்பெட்காரர் 400 வருடமாக ஷேக்ஸ்பியர் நாடகத்துக்குள் நடந்து வந்துகொண்டிருக்கிறார். ஆசிரியரே அச்சைக் கவனித்திருந்தால் கெம்ப்பும் டாயரும் அன்றே வெட்டுப்பட்டிருப்பார்கள். பென் ஜான்சன் 1616-ல் தன் நூல்களை அப்படித்தான் பார்த்துப் பார்த்து அச்சிட்டார். அதில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, கொட்டகை வாசனைதான் இல்லை.

அதனால், ஷேக்ஸ்பியர் தந்த தாள்களில் அடித்தல் என்பதே அரிது, அசல் பிரதியிலிருந்தே தருகிறோம் என்று ஹெமிங்ஸும் காண்டெலும் மார்தட்டுவதை நான் முழுக்க நம்புவதில்லை. ஆயிரம் வரி அடித்திருக்கலாமே என்று ஜான்சன் பின்னால் முணுமுணுத்தது வேறு கதை. நமக்குக் கிடைத்திருக்கிற மேக்பெத் நீளத்தில் ஹாம்லெட்டில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சூனியக்காரிகளின் இரண்டு பாட்டுகளுக்கு முதல் சொற்கள் மட்டும் இருக்கின்றன. முழுப் பாட்டும் தாமஸ் மிடில்டனின் வேறொரு நாடகத்தில் கிடைக்கிறது. மேடைக்காகப் பின்னாளில் வெட்டி ஒட்டிய பிரதி என்று பலரும் கருதுவது இதனால்தான். பாட்டு நடிகர்களுக்குத் தெரியும், எழுதி வைப்பானேன்? ஷேக்ஸ்பியர் முதலில் எழுதிய மேக்பெத் எப்படி இருந்தது என்பது போயே போச்சு. நடிகர்கள் ஆடிய மேக்பெத் மிஞ்சியது.

முன்னுரை திட்டுகிற திருட்டுப் பிரதிகளிலும் நடிகர்கள் உண்டு. 1603-ல் வந்த ஹாம்லெட்டின் முதல் குவார்ட்டோ படுமட்டம். புகழ்பெற்ற தனிமொழிகூட "இருப்பதா இல்லாமல் போவதா, ஆமாம், அதுதான் விஷயம்" என்கிற ரீதியில் தடதடவென ஓடும். மார்செல்லஸ் என்ற காவல்காரன் வருகிற இடங்களில் மட்டும் வசனம் சுத்தமாக இருப்பதால், அந்தச் சின்ன வேடத்தை ஆடிய கூலி நடிகர் ஞாபகத்திலிருந்து சொல்லி விற்றார் என்று ஒரு வாதம் நெடுநாள் செல்வாக்கோடு இருந்தது. இப்போது அதை மறுப்பவர்களும் நிறைய. யார் செய்திருந்தாலும், கொட்டகையில் பார்த்த ஆள் செய்தது போலத்தான் படுகிறது. அம்மாவின் அறைக்கு ஆவி வரும்போது இரவு உடையில் வருகிறது, ஒஃபீலியா தலைவிரி கோலமாக லூட் என்ற நரம்புக் கருவியை வாசித்தபடி வருகிறாள் என்ற இரண்டு குறிப்புகளும் அந்தப் படுமட்டமான பதிப்பில்தான் இருக்கின்றன. நல்ல பதிப்புகளில் இல்லை.

காண்டெல் 1627-ல் செத்தார், ஹெமிங்ஸ் 1630-ல். இருவரும் அவர்கள் வாழ்ந்த ஆல்டர்மன்பரி செயின்ட் மேரி தேவாலயத்தோடு சேர்ந்தவர்கள். அந்தக் கோயில் 1666 பெருந்தீயில் எரிந்து, கட்டடக் கலைஞர் ரென் கட்டிக்கொடுத்து, 1940-ல் ஜெர்மன் குண்டில் மறுபடி எரிந்து, 1960-களில் கல் கல்லாகக் கப்பலேறி அமெரிக்காவின் மிசூரிக்குப் போய்விட்டது. சர்ச்சில் இரும்புத்திரைப் பேச்சு பேசிய கல்லூரியில் நிற்கிறது. பழைய இடத்தில் பூங்கா. அதில் 1896-ல் வைத்த நினைவுத் தூண் இந்த இருவருக்கும்தான். மேலே இருக்கும் தலை என்னவோ ஷேக்ஸ்பியருடையது.

நாடகத்தை அச்சுக்குத் தரும் வழக்கத்தை அவர்களோடு அந்தக் கம்பெனி முடித்துக்கொள்ளவில்லை. 1642-ல் நாடாளுமன்றம் கொட்டகைகளை மூடியது. நடிகர்களுக்குப் பிழைப்பு போயிற்று. 1647-ல் பியூமான்ட், ஃபிளெட்சர் என்ற இரண்டு நாடகாசிரியர்களின் நாடகங்கள் பெரிய ஃபோலியோவாக வந்தபோது சமர்ப்பண உரையின் கீழே 10 நடிகர்களின் பெயர் இருந்தது. 1623 ஃபோலியோ யாருக்குச் சமர்ப்பிக்கப்பட்டதோ அந்த இரண்டு பிரபுச் சகோதரர்களில் இளையவர் பிலிப் உயிரோடு இருந்தார், அவருக்கே இதையும் சமர்ப்பித்தார்கள். பெட்டியில் இருந்ததை மறைத்து வைத்துக்கொள்ள இனி காரணம் இல்லை. ஆட மேடையே இல்லையே.

அந்தத் தொகுப்பில் ஒரு நாடகம் மட்டும் விட்டுப்போனது. ஃபிளெட்சரின் 'வைல்ட் கூஸ் சேஸ்'. பல வருடத்துக்கு முன் ஒரு பெரிய மனிதர் நடிகர்களிடம் இரவல் வாங்கிப் போனார், வேலைக்காரனின் அஜாக்கிரதையால் திரும்பி வரவில்லை என்று பதிப்பாளர் மோஸ்லி எழுதினார். புத்தகம் இரவல் கொடுத்த எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அது எப்படியோ அகப்பட்டு, 1652-ல் தனிப் புத்தகமாக வந்தது. ஜான் லோவின், ஜோசஃப் டெய்லர் என்ற இரண்டு வயதான நடிகர்களின் சொந்த நன்மைக்காக வெளியிடப்படுகிறது என்று தலைப்புப் பக்கத்திலேயே போட்டிருந்தது. ஹெமிங்ஸுக்குப் பிறகு கம்பெனியை நடத்தியவர்கள் இவர்கள்தான். பர்பேஜுக்குப் பிறகு ஹாம்லெட் ஆடியவர் டெய்லர். லோவின் கடைசிக் காலத்தில் பிரென்ட்ஃபோர்டில் மூன்று புறாக்கள் என்ற சத்திரம் நடத்தினார். வயது எவ்வளவோ அவ்வளவு வறுமை என்று 1699-ல் ஒருவர் அவரைப் பற்றி எழுதினார்.

லாபம் வேண்டாம் என்று ஹெமிங்ஸ் சொன்னதுபோல இவர்கள் பாசாங்கு பண்ணவில்லை. காசு வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார்கள். கேட்ட கையோடு, வேறு யாராலும் தர முடியாத ஒன்றையும் முன்னுரையில் எழுதிக் கொடுத்தார்கள். இந்த நாடகம் ஆடியபோது ஃபிளெட்சரே பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்தாராம். கூச்ச சுபாவி. ஆனால் எழுதியது தான் என்பதையே மறந்து, நிரம்பி வழிந்த கொட்டகையோடு சேர்ந்து அவரும் கைதட்டினாராம். மேடையிலிருந்து அதைப் பார்த்தவர்கள் லோவினும் டெய்லரும். பாத்திரப் பட்டியலில் இருவர் பெயருக்கும் பக்கத்தில் எவ்வளவு பிரமாதமாக ஆடினார்கள் என்ற பாராட்டும் அச்சாகியிருக்கிறது.